இலவச மசாஜ்

எங்கள் ஆபீஸில் மாதாமாதம் மசாஜ் இலவசம். வேண்டாம் என்றால், ஏன் என்று துருவுவார்கள். குப்புறப் படுத்தேன். சென்சார் கையுறை மாட்டிய எஸ்தர், முதுகை அழுத்திக்கொண்டே நிர்வாகம் கொடுத்த கேள்விகளைக் கேட்டாள். வாய் பொய் சொன்னாலும் தசை சொல்லாதாம்.

“நல்லாத் தூங்குறீங்களா மேடம்?”

“ம்.”

“வீட்ல சண்டை கிண்டை?”

“அதெல்லாம் இல்ல.”

அடுத்த கேள்விக்கு முன் எஸ்தர் சட்டென்று கைகளை எடுத்துவிட்டாள்.

“வேற கம்பெனியில வேலை தேடுறீங்களா?”

என் முதுகு கல்லாக இறுகியது. நல்லவேளை, கையுறைக்குத் தெரியாது.

“இல்லவே இல்ல.”

மறுமாதம் எஸ்தரைக் காணவில்லை. புதிதாக வந்தவள் இரண்டு கைகளையும் என் முதுகில் அழுத்தமாகப் பதித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“போன மாசம் எஸ்தர் ஏன் கையை எடுத்தாங்க?”