நாலு வாரத்து ஊசி

கூடத்தில் தூணோரம் மாமனார் சக்கரபாணி. எதிர் நாற்காலியில் அவர் மைத்துனர் பச்சைமுத்து. உள்கதவைப் பிடித்தபடி வீரம்மாள். நடுவே, அவள் நாலாக மடித்துப் போட்ட ஜமக்காளத்தின் மேல் வலப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் அவள் புருஷன் வேங்கடேசன்.

“நானும் பாத்துக்கினுதான் வர்றேன், மச்சான்,” என்றார் பச்சைமுத்து. “நாலு வாரத்துக்கு ஒரு திங்கக்கெழம. விழுப்புரம் மண்டியில மல்லாட்டை வெல கேக்கன்னு கண்டாச்சிபுரத்துல பஸ் ஏறுது மாப்ள. விழுப்புரத்தயும் தாண்டி, திண்டிவனத்துல ஒரு டாக்டர் வூட்டுல நொழையுது. நேத்தும் பாத்தேன். கெட்ட சீக்கு. வேற என்னா?”

“அப்டின்னா பொண்ண இன்னிக்கே கூட்டிக்கினு போறேன்,” என்றார் சக்கரபாணி.

வேங்கடேசனுக்கு வந்திருப்பது கெட்ட சீக்கு இல்லை. ஆண்மைச் சுரப்புக் குறைவு. இடுப்பில் ஒன்று போட்டால் நாலு வாரம் உடம்பில் நிற்கிற, புதிதாக வந்த எண்ணெய் ஊசி. பெண்டாட்டிக்கே மறைத்ததை இவர்களிடம் சொல்வதற்குக் கிணற்றில் விழலாம். சொன்னாலும் அவளைக் கூட்டிப் போவார்கள், சொல்லாவிட்டாலும் கூட்டிப் போவார்கள்.

“சீக்கு எனக்குப்பா,” என்றாள் வீரம்மாள். “பொம்பள சமாச்சாரம். எனக்குத்தான் மருந்து வாங்கியாறாரு.”

டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் கிழிந்துபோகும் பொய்.

பச்சைமுத்து விடுகிற ஆள் இல்லை. “டாக்டரையே எழுதிக் கேட்டுடுவோம். விலாசம் சொல்லு மாப்ள.”

தெருப்பெயர், கதவு எண் எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னவள் வீரம்மாள்.

‘வேங்கடேசன் தங்களிடம் வருவது யாருடைய வைத்தியத்துக்கு? உள்ளபடி எழுதவும்.’ எழுதியதை இரண்டு தரம் படித்துக்காட்டி, உறையில் போட்டுச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார் பச்சைமுத்து.

“பதில் வர்ற வரைக்கும்தான் பொண்ணு இங்க,” என்று எழுந்தார் சக்கரபாணி.

இருவரும் தெருமுனைத் தபால் பெட்டியில் கடிதத்தைப் போடுவதை வாசலில் நின்று பார்த்தான் வேங்கடேசன்.

உள்ளே வீரம்மாள் ஜமக்காளத்தை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

“பயப்படாதீங்க. மாமா நோட்டம் பாக்கறது தெரிஞ்சி, போன வாரமே டாக்டருக்கு நான் எழுதிட்டேன். எனக்கு வைத்தியம்னுதான் பதில் போடுவாரு.”

அவன் திரும்பிப் பார்த்தான்.

“அடுத்த ஊசிய வலது பக்கம் போட்டுக்குங்க.”