அத்தையின் வயிறு

“இந்த மாசமும் ரெண்டு பேரைப் பிடிச்சுட்டு வா” என்றாள் எடெல்மிரா, பொரித்த பன்றிக்கறியை மென்றபடியே.

மருமகள் நில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தையின் வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. இரண்டு வருடமாக மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறார்கள். ஏற்றுவதற்கு ஈடாக நோயாளியின் ஆட்கள் வந்து ரத்தம் கொடுத்தாக வேண்டும் என்பது கோச்சபாம்பா நகர ஆஸ்பத்திரியின் சட்டம்.

சொந்தம் தீர்ந்து தெருவும் தீர்ந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் மூன்று முறை கொடுத்தாயிற்று. பாதிரியாரும் தப்பவில்லை. ஞானத்தகப்பன் விக்டோரினோ, நில்டாவின் தலை தெரிந்தாலே கோழிக்கூண்டுக்குள் புகுந்துகொள்கிறார். போன முறை அங்கிருந்தே இழுத்து, ஒட்டிய இறகோடு கூட்டிப்போனாள்.

நில்டா மட்டும் கொடுத்ததில்லை. ஊசியைப் பார்த்தால் மயக்கம் வருமாம்.

“வாய் வழியா குழாயை விட்டு, கசியற இடத்தைச் சுட்டா நின்னுடுமாமே, அத்தை. செஞ்சுக்க வேண்டியதுதானே?”

“என் வயித்துல மிளகாய் மட்டும்தான் எரியலாம்.”

சீக்காளி பேசுகிற பேச்சா இது? கன்னம் தக்காளிப் பழம். போன வாரத் திருவிழாவில் மூன்று நாள் ஆடினாள். மதியமானால் ‘செக்கப்’ என்று சூப்புத் தூக்கோடு கிளம்பிவிடுகிறாள்.

அத்தை மடித்து ஒட்டிக் கொடுத்த ரத்த வங்கிச் சீட்டோடு நில்டா நேராக டாக்டரிடம் போனாள். குழாயை விட்டுச் சுட்டு இந்தக் கூத்தை முடித்துவைக்கச் சொன்னாள்.

டாக்டர் விழித்தார். “மூணு தடவை சுட்டு, பிப்ரவரியிலேயே நின்னுடுச்சேம்மா. உங்க அத்தைக்கு இப்ப என்னைவிட ரத்தம் ஜாஸ்தி.”

இது ஆகஸ்ட். ஆறு மாதம், பன்னிரண்டு பேர்.

நில்டா ஒட்டியிருந்த சீட்டைப் பிரித்தாள். நோயாளி: கசில்டா மமானி, பதினான்காம் படுக்கை. உறவினர்: யாருமில்லை.

வார்டில், காகிதமாக வெளுத்துக் கிடந்த ஒருத்திக்கு எடெல்மிரா சூப்பு ஊட்டிக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்தும் கரண்டி நிற்கவில்லை.

“எனக்கிருந்த அதே கசிவு. இவளுக்கு இன்னும் நாலு தடவை சுடணும். அதுவரைக்கும் ரத்தம் ஏத்தலைன்னா போய்ச் சேர்ந்துடுவா. முன்ன பின்ன தெரியாதவளுக்குன்னு கேட்டிருந்தா விக்டோரினோ கூண்டை விட்டு வந்திருப்பாரா? நீதான் ஆள் பிடிச்சிருப்பியா?”

நில்டா சீட்டோடு திரும்பி நடந்தாள்.

ரத்த வங்கியில் நர்ஸ் சீட்டை வாங்கிப் பார்த்தாள். “கசில்டாவுக்கு நீங்க என்ன வேணும்?”

நில்டா கண்களை இறுக மூடிக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டினாள்.

“மருமக.”