சிவப்பில் எழுதிய பெயர்

மகன் காதலிக்கும் பெண்ணின் முகத்தையே பார்க்க மாட்டேன் என்று அந்த அம்மா பிடிவாதமாக இருந்தாள். வேறு வழியில்லாமல், சியோலில் கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் பெயர் முத்திரைகளைச் செதுக்கும் அவளுடைய பட்டறைக்கே வாடிக்கையாளர் போலப் போனாள் அந்தப் பெண், ஹேவோன்.

“பேரென்னம்மா?”

“மின்ஜூ,” என்று பொய் சொன்னாள் ஹேவோன். “எப்படிச் செதுக்குறீங்கன்னு பாக்கலாமா?”

“தாராளமா. பேரைக் கல்லுல இடம் வலம் மாத்தி வெட்டணும். சரியா இருக்கான்னு கண்ணாடியில பாத்துக்கணும். இதோ, காலையில முடிச்சது.”

கண்ணாடியில் சிவப்பு மையோடு தெரிந்தது, ‘ஹேவோன்’.

கொரியாவில் செத்தவர்களின் பெயரைத்தானே சிவப்பில் எழுதுவார்கள்!

“இவங்க... செத்துட்டாங்களா?”

“வாயைக் கழுவு! என் மருமகளாகப் போறவ. முத்திரைன்னா சிவப்பு மைதானே? பதட்டத்துல அதுகூட மறந்துபோச்சா? மூணு மாசம் வீம்பு பிடிச்சாச்சு, எப்படிக் கூப்பிடறதுன்னு கூச்சமா இருந்தது. நல்லவேளை, அவளே வந்துட்டா.”

ஹேவோன் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

“உன் போட்டோவை என் பையன் எப்பவோ காட்டிட்டான். கல்யாணப் பதிவுல ‘மின்ஜூ’ன்னு முத்திரை போட்டா செல்லாதுடி, பிடி இதை!”