தண்ணீர் வேண்டாத சோளம்

வேளாண் விஞ்ஞானம் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது என்று பலரும் நம்புகிறார்கள். பெரும் பிழை. அது வளர்ந்தது பக்கத்துப் பாத்தியை எட்டிப் பார்த்துத்தான். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பானாலும், பழைய விதைக்குப் பக்கத்தில் விதைத்து, இரண்டையும் ஒரே மாதிரி நடத்தி, எது தேறுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

அப்படி இரண்டு பாத்திகள். இடப்பக்கம் பழைய சோளம். வலப்பக்கம், நாற்பது நாள் மழையில்லாமல் தாங்கும் என்று ஆய்வு நிலையம் சொல்லும் புதுச் சோளம். இரண்டுக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது.

நிலத்துக்காரருக்கு அலுவலகம் வைத்த பெயர் ‘எதிர்க்கட்சி’.

“ஏம்மா ஆபீசரம்மா, உங்க சோளம் தண்ணி குடிக்காது, சரி. மூச்சாவது விடுமா?”

வேளாண் அலுவலர் சின்னப் பெண். தினமும் மதியம் வந்து, நகத்தைக் கடித்தபடி வரப்பில் மேலும் கீழும் நடப்பாள்.

“போன வருஷம் ரெண்டு இடத்துல கருகிடுச்சு,” என்று ஒருநாள் போனில் தன் அம்மாவிடம் அழுதாள். “இதுவும் போச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்கம்மா.”

எதிர்க்கட்சி கொஞ்சம் தள்ளி, காது கேட்காதவர் போலக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டாம் நாள் இயக்குநர் வந்தார். இடப்பக்கம் சருகு. வலப்பக்கம் பச்சைப் பசேல்.

“அடேயப்பா! என் சர்வீஸ்ல இப்படி ஒரு வித்தியாசம் பார்த்ததில்லை. அடுத்த பருவத்துல மானாவாரி நிலம் பூரா இதுதான்!”

கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அவள் எதிர்க்கட்சியின் வீட்டுக்கு ஓடினாள். “இப்ப என்ன சொல்றீங்க ஐயா?”

அவர் குப்புறப் படுத்திருந்தார். மனைவி தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் என்னத்தச் சொல்வாரு? நீ அந்தப் பக்கம் கிளம்பினதும், இந்தப் பக்கம் கிணத்துலேர்ந்து தினம் முப்பது குடம் சுமந்து உன் பாத்தியில ஊத்துவாரு. உனக்குத் தெரியக் கூடாதாம், மேல காஞ்ச மண்ணை வேற தூவி வைப்பாரு.”

“நீ சும்மா இருடி,” என்றார் அவர். பிறகு ஆபீசரம்மாவிடம், கூச்சத்தோடு: “புள்ள வேலை போயிரும்னு அழுதுச்சே, மனசு கேக்கல. நாலு குடம் தண்ணியில விஞ்ஞானமா கெட்டுப் போயிடும்?”

அவள் போனை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்து இயக்குநரை அழைத்தாள்.

“சொல்லும்மா.”

“சார்... அந்த வலப்பக்கப் பாத்தி...”

“அதான் பார்த்தேனே, பிரமாதம்! அறிக்கையில உன் பேரைத்தான் முதல்ல எழுதியிருக்கேன். என்ன விஷயம்?”

வாசலுக்குப் போனாள். உள்ளே வந்தாள். மறுபடி வாசலுக்குப் போனாள்.

“ஒண்ணுமில்ல சார். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

அடுத்த பருவத்தில், கிணறில்லாத நாலாயிரம் ஏக்கரில் அந்தச் சோளத்தை விதைத்தார்கள்.