விமானி உடுப்பு

பள்ளிப் படிப்பு முடிந்த கடைசி நாளில், என்னவாகப் போகிறோம் என்று ஆளாளுக்கு வகுப்பறைப் பலகையில் எழுதியபோது, 'விமானி ஆவேன்' என்று கொட்டை எழுத்தில் எழுதியவர் அவர். இருபத்தைந்து வருடம் கழித்து அந்த வகுப்பு மறுபடி கூடப்போகிறது. அவரிடம் இருப்பதோ ஒரு ஜெராக்ஸ் கடை.

"உள்ளதச் சொல்லிட்டா என்ன?" என்றாள் மனைவி.

"டாக்டர், ஜட்ஜ், மேஜர்னு வராங்க. நடுவுல நான் மட்டும் ஜெராக்ஸா?"

நாடக உடுப்பு வாடகைக்குத் தரும் கடைக்குப் போனார். தாடி வைத்த கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாடகமா சார்?"

"அப்படித்தான்."

கூட்டத்துக்கு டாக்டர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு வந்திருந்தார். மேஜரின் மார்பு நிறையப் பதக்கங்கள். ஜட்ஜ் கறுப்பு அங்கியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமைகூட இதைக் கழட்ட நேரமில்லப்பா" என்றார் ஜட்ஜ்.

விமானி, மேகத்துக்குள் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார்.

"ஒண்ணுமே எழுதாம உட்கார்ந்திருந்தானே உம்மணாமூஞ்சி, அவன் எங்கடா?" என்று மேஜர் கேட்டபோது கதவு திறந்தது.

உடுப்புக் கடைக்காரர் உள்ளே வந்தார்.

விமானி தொப்பியை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். மெல்லத் திரும்பிப் பார்த்தார். டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. மேஜர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் எழுதின மாதிரியே ஆயிட்டீங்க. மனசு நெறைஞ்சிருக்கு" என்று கண்களைத் துடைத்துக்கொண்டார் உம்மணாமூஞ்சி. "நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள திருப்பிக் குடுத்துருங்கப்பா."

ஜட்ஜ் கடைக்காரரின் காதருகே குனிந்தார்.

"எனக்கு மட்டும் இன்னும் ஒரு நாள் விடுடா. நாளைக்கு மாமனார் வீட்டுக்குப் போகணும்."