வெள்ளைப் படிவு

டிரைவர் சீட்டுக்கு அடியில் தலையை விட்டு அரவிந்தன் ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தான். போல்ட்டுகளைக் கழற்றிச் சீட்டை முன்னால் நகர்த்தினால்தான் ராசாத்தி அக்காவுக்குக் கால் பிரேக்கை எட்டும். மாமா பனைமர உயரம். அவர் வசதிக்குப் பின்னால் தள்ளிப் போட்ட சீட்டு, அப்படியே இறுகிக் கிடந்தது.

"வராட்டி விட்றா தம்பி. கையக் கிழிச்சுக்காத."

"மண்ணெண்ணெய் ஊத்தியும் அசைய மாட்டேங்குதேக்கா! ஷெட்டுக்குள்ள நிக்கிற வண்டி, ஒரு பொட்டு மழை படல. நாலு போல்ட்டும் எப்படித் துருப்புடிச்சுது?"

அக்கா முந்தானையால் ஸ்டியரிங்கைத் துடைத்தாள்.

போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. அரியலூரில் வெள்ளையாக எது படிந்தாலும் சிமெண்ட் தூசிதான். வாயால் ஊதினான். உதட்டில் ஒட்டிய தூள் கரித்தது.

உப்பு!

வெளியே வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தான். "நீயாக்கா?"

"ஆமாண்டா. தெனம் உப்புத் தண்ணி ஊத்துறேன்."

"எதுக்கு?"

ராசாத்தி காலிச் சீட்டைத் தடவிக் கொடுத்தாள்.

"அவருக்குக் கருமாதி முடிஞ்சதுலேருந்து ஆளாளுக்குச் சீட்ட நகத்து, வண்டி பழகுங்கிறீங்க. நகத்திட்டா, சாயந்தரம் வந்து உக்கார்றப்ப அந்த மனுசனுக்கு முட்டி இடிக்காதா?"