கேட்டில் இருபது வயது

அங்கமுத்துவுக்கு ஆறு வருஷமாகப் பதினான்கு வயதுதான்.

ஆஸ்பத்திரிப் பதிவு எழுத வந்த புதுக் கிராணி கிளீட்டஸ் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

மலாயாவில், பெம்பான் பக்கத்தில் ஐந்து ரப்பர் தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரே ஆஸ்பத்திரி. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடப்படும் ஆட்களுக்கும், பதினான்கு வயது வரை உள்ள அவர்கள் பிள்ளைகளுக்கும் மருந்து, படுக்கை எல்லாம் கம்பெனி பொறுப்பு. அதற்கு மேல் வயதானால் தானும் பெரட்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் வெளியே எங்கேயாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊசி போட வந்த பிள்ளை, வாசல் நிலை இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தது. காக்கி அரைக்கால் சட்டை. முழங்காலுக்குக் கீழே கரடி மாதிரி ரோமம். மேலுதடு அப்போதுதான் சிரைத்த பச்சையில் மின்னியது.

"பேரு?"

"அங்கமுத்து." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

தாய் முத்தாயி விலாவில் இடித்தாள். "அங்கமுத்து" என்று இன்னொரு தடவை மெல்லிசாகச் சொன்னான்.

"வயசு?"

"பதினாலுங்கய்யா. ஊசின்னா ரொம்பப் பயப்படுவான், சின்னப்புள்ள."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

கிளீட்டஸ் மீசையைத் தடவிக்கொண்டான். அவனுக்கு மிகவும் பிடித்த மீசை அது. இரண்டாவது பயிர். முதல் பயிரை, சீனியர் கேம்பிரிட்ஜ் படிக்கும்போது விஷக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த அவனுக்கு, முடியில் சூடு தங்கும் என்று சொல்லி அம்மா பிரிஜிட் வழித்து எடுத்துவிட்டாள்.

"ஐ.சி. எங்கே?"

வீட்டில் இருக்கிறது என்றாள் முத்தாயி.

கம்யூனிஸ்டுப் பயங்கரவாதிகளைத் தேடி ராணுவம் காட்டுக்குள் திரிந்த காலம். பன்னிரண்டு முடிந்த யாரும் அடையாளக் கார்டு இல்லாமல் நடமாட முடியாது. முள்வேலிக் கேட்டில் துப்பாக்கியோடு நின்ற காவல்காரன், கார்டைப் பார்க்காமல் ஒரு கோழியைக்கூட விடமாட்டான்.

"அப்படின்னா கேட்டில எதைக் காட்டிட்டு வந்தே? காவல்காரரைக் கூப்பிடட்டுமா?"

காவல்காரர் என்ற சொல் காதில் விழுந்ததும் அங்கமுத்துவின் கை தன்னால் இடுப்புக்குப் போனது. முத்தாயி எட்டிப் பிடிப்பதற்குள் கார்டு மேசைமேல் இருந்தது.

இருபது.

கேட்டில் இருபது. அங்கிருந்து ஐம்பது கஜம் நடந்து ஆஸ்பத்திரிப் படி ஏறுவதற்குள் ஆறு வயது குறைந்துவிடுகிறது. கிளீட்டஸ் சிவப்பு மைப் பேனாவைத் திறந்தான். நாளைக்கு மாதப் பார்வைக்கு வெள்ளைக்கார டாக்டர் துரை வருகிறார். நோயாளிகள் பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும்.

முத்தாயி அழவில்லை. மகனுக்கு நெஞ்சில் நோய், ரத்தம் கக்கினவன், பால் வெட்டச் சேர்க்க மாட்டார்கள், தினம் ஒரு ஊசி, இன்னும் இரண்டு மாதம் பாக்கி, நடுவில் விட்டால் மறுபடியும் கக்குவான் என்று வரிசையாகச் சொன்னாள். அப்புறம் கேட்டாள்: "தினம் மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் வந்தா, நான் எப்பங்கய்யா பால் வெட்டுறது? நான் வெட்டலைன்னா என் பேரும் போயிடும்லா."

"எங்க அம்மாவும் பால் வெட்டினவங்கதான்" என்றான் கிளீட்டஸ். "மூணாம் தோட்டத்தில. ஒத்தை ஆளா என்னைப் படிக்க வச்சாங்க. அதுக்காக ஒரு பொய் சொன்னதில்லை."

முத்தாயி மகனின் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

கிளீட்டஸ் பட்டியலை எடுத்துக்கொண்டு மருந்தறைக்குப் போனான். டிரெஸ்ஸர் கொர்னேலியஸ் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் ஊசி, மருந்து, பதிவு எல்லாம் அவர் கைதான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவர். அவர் கையெழுத்திலேயே இப்படி ஒரு வயது இருப்பதை எப்படிச் சொல்வது என்று கிளீட்டஸுக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. சொல்லிவிட்டான்.

கொர்னேலியஸ் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை.

"திருத்துறதுன்னா முழுசாத் திருத்திடு, தம்பி. ஒருத்தனை மட்டும் திருத்தினா நல்லா இருக்காது. பழைய புத்தகங்க அலமாரியில இருக்கு. நாப்பத்தொன்பதுல ஆரம்பி."

அவன் நாற்பத்தொன்பதை எடுத்துத் தூசி தட்டினான். அங்கமுத்து, வயது 14. அந்த வருஷம் அது நிஜம். சிவப்பு மை வேண்டியதில்லை.

நான்கு வரி கீழே, அதே சாய்ந்த கையெழுத்து:

கிளீட்டஸ். தாய் பிரிஜிட், பால்வெட்டு, மூன்றாம் தோட்டம். விஷக்காய்ச்சல். நாற்பது நாள் படுக்கை. வயது 14.

அந்த வருஷம் அவனுக்குப் பத்தொன்பது.

அவன் கை மீசைக்குப் போய் அங்கேயே நின்றது.

கொர்னேலியஸ் ஊசியை எடுத்துக்கொண்டு அவனைக் கடந்து வெளியே போனார். கிளீட்டஸ் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்து, பேனாவை மூடிக்கொண்டு, பின்னாலேயே போனான்.

அங்கமுத்து சட்டைக் கையைச் சுருட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். நிஜமாகவே ஊசிக்குப் பயம் போலிருக்கிறது.

கிளீட்டஸ் ஐ.சி.யை முத்தாயியின் கையில் கொடுத்தான். மகனின் மேலுதட்டைக் குனிந்து உற்றுப் பார்த்தான்.

"இந்தப் பச்சை நாளைக்கு டாக்டர் துரை கண்ணில படக் கூடாது, அக்கா. காலையில எங்க அம்மாவை வரச் சொல்றேன். அவங்க சிரைச்சா ஒண்ணுமே தெரியாது."